மாட்டுங்காவில் புதுப்பித்த பழைய வீடு: டோக்கன் கொடுப்பதற்கு முன்

செம்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் கட்டடத்தின் பெயரும் இங்கே வேண்டாம். சுருக்கம் இது:

“எனக்கு வயது 56. பிறந்து வளர்ந்தது மாட்டுங்காவில். 81 வயது அம்மா என்னோடு இருக்கிறார். ‘கடைசிக் காலத்தில் ஆஸ்திக சமாஜக் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கணும்’ என்பது அவர் ஆசை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் 1938-ல் கட்டிய நான்கு மாடிக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில் ஒரு வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. உள்ளே முழுக்கப் புதுப்பித்திருக்கிறார்கள்: இத்தாலிய மார்பிள், திறந்த சமையலறை, ஃபால்ஸ் சீலிங், ஐந்து ஏசி, பால்கனியைச் சேர்த்துப் பெரிதாக்கிய ஹால். 1,120 சதுர அடி கார்ப்பெட் (சுவர் நீங்கலான உள்பரப்பு), விலை 5.75 கோடி. அதில் 60 லட்சத்தை ‘ஃபர்னிச்சர்’ என்று தனியாக ரொக்கத்தில் கேட்கிறார்கள். விற்பவர் 2022-ல் ஒரு வயதான அம்மாளிடமிருந்து வாங்கிப் புதுப்பித்தவர். இப்போது துபாயில் இருக்கிறார்; தன் சார்பில் விற்கத் தம்பிக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்திருக்கிறார். ஷேர் சர்டிஃபிகேட்டைப் பார்த்துவிட்டேன், அதனால் சொத்து சுத்தம்தானே? ஹெரிடேஜ் கட்டடம் என்பதால் யாரும் இடிக்க முடியாது, அதே சமயம் ஐந்து வருடத்தில் ரீடெவலப்மென்ட் (கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது) வந்தால் கூடுதல் இடம் கிடைக்கும் என்கிறார் புரோக்கர். ஏதாவது கோளாறு வந்தால் ஐந்து வருடம்வரை ரேராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) புகார் செய்யலாம் என்றும் சொல்கிறார். சொசைட்டி செக்ரெட்டரி ஐந்து லட்சம் ‘டொனேஷன்’ கேட்கிறார். என் பெயரிலும் கணவர் பெயரிலும் வாங்கப் போகிறோம். வெள்ளிக்கிழமை பத்து லட்சம் டோக்கன் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?”

இந்த வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டாம். வீடு கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த வீட்டைப் பற்றி உங்களுக்கு இதுவரை தெரிந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பாகம். அது மொத்த விலையில் சிறிய பங்கு, சீக்கிரம் பழசாகிற பங்கும் அதுவே. நீங்கள் வாங்கப் போவது 1938-ன் கான்கிரீட்டையும், அந்த நிலத்தில் சொசைட்டிக்கு இருக்கிற உரிமையையும், முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன காகிதங்களையும். புதுப்பித்தவர் இந்த மூன்றில் எதையும் புதுப்பிக்கவில்லை.

ஹெரிடேஜும் ரீடெவலப்மென்ட்டும் ஒரே வாயில்

புரோக்கர் சொன்ன இரண்டும் ஒன்றையொன்று அடிக்கின்றன. வளைந்த பால்கனியும் கம்பி வேலைப்பாடும் இருந்தால் அது ஆர்ட் டெகோ பாணி, அவ்வளவுதான். மும்பையின் ஹெரிடேஜ் விதிகள் 1995-ல் வந்தவை. ஒரு கட்டடம் அந்தப் பட்டியலில் முதல், இரண்டு-ஏ, இரண்டு-பி, மூன்று என்ற தரங்களில் ஒன்றில் இருந்தால்தான், அல்லது பட்டியலிட்ட வட்டாரத்துக்குள் இருந்தால்தான் சட்டப்படி ஹெரிடேஜ். 2018-ல் யுனெஸ்கோ அங்கீகரித்தது ஓவல் மைதானம், மரீன் டிரைவ் பகுதியைத்தான். மாட்டுங்கா அதில் சேராது. பட்டியலில் இருக்கிறதா என்று மாநகராட்சியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். இருந்தால், எந்தத் தரம் என்பதைப் பொறுத்து உள்வேலைக்கும் அனுமதி தேவைப்பட்டிருக்கலாம். இவர் வாங்கினாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் ‘யாரும் இடிக்க முடியாது’ என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

ரீடெவலப்மென்ட் உங்கள் கையிலும் இல்லை. 2019 ஜூலை 4 அன்று மாநில அரசு வெளியிட்ட உத்தரவின்படி, சொசைட்டியின் மொத்த உறுப்பினர்களில் 51% பேர் சம்மதித்தால் போதும். நீங்கள் குடிபோன மூன்றாம் வருடம் மற்றவர்கள் தீர்மானம் போட்டால், இத்தாலிய மார்பிளுக்கு யாரும் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டார்கள். 81 வயது அம்மாவோடு வாடகை வீட்டுக்குப் போய் மூன்று, நான்கு வருடம் காத்திருக்க வேண்டிவரும். புரோக்கர் இதை லாபமாகச் சொல்கிறார். உங்கள் வீட்டில் இருக்கிற நிலைமைக்கு இது ஆபத்து.

கடந்த மூன்று வருடப் பொதுக்குழுக் கூட்டத் தீர்மானங்களின் நகல் கேளுங்கள். அதில் ரீடெவலப்மென்ட், பெரிய ரிப்பேர், கோர்ட் வழக்கு மூன்றும் தெரிந்துவிடும். தரைத்தளக் கடைகள் பகடியில் (முன்பு பெருந்தொகை கொடுத்துப் பிடித்த, வாடகை மிகக் குறைந்த குடித்தனத்தில்) இருக்கின்றனவா என்பதையும் விசாரியுங்கள். பழைய பகடி வாடகைதாரர்கள் இருக்கிற கட்டடங்களில் எந்தப் பேச்சுவார்த்தையும் இழுக்கும்.

பரப்பளவு

பழைய ஒப்பந்தத்தில் 960 சதுர அடி என்று இருப்பதாக உங்கள் கடிதத்தின் இணைப்பில் பார்த்தேன். விளம்பரத்தில் 1,120. நடுவில் இருக்கிற 160 அடியும் மூடிய பால்கனியும் மாடமும் சேர்ந்தவை போலத் தெரிகிறது. 1,120-ஆல் வகுத்தால் சதுர அடி சுமார் 51,300 ரூபாய். 960-ஆல் வகுத்தால் சுமார் 59,900. பேரம் பேச வேண்டியது இரண்டாவது எண்ணை வைத்து. பால்கனியை மாநகராட்சியில் கட்டணம் கட்டி அனுமதி வாங்கி மூடியிருந்தால் அதற்குக் காகிதம் இருக்கும். இல்லாவிட்டால், நோட்டீஸ் வரும்போது வீட்டை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளரும் அந்தப் பரப்பை ஒதுக்கிவிடுவார், நாளை ரீடெவலப்மென்ட் கணக்கிலும் அது வராது.

சீலிங்குக்கு மேலே, மார்பிளுக்குக் கீழே

இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும்.

1930-களின் கான்கிரீட்டில் கம்பிக்கு மேலே இருக்கிற பூச்சு மெல்லியது. எண்பது வருடத்துக்கு மேல் காற்றின் கரியமில வாயு ஊடுருவி, கம்பியைக் காக்கிற காரத்தன்மை போயிருப்பது இயல்பு. அதன் மேல் ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து பெயர்த்துத் தள்ளும். சாதாரண வீட்டில் இது விரிசலாக, உதிர்கிற பூச்சாகக் கண்ணில் படும். ஃபால்ஸ் சீலிங் போட்ட வீட்டில் படாது. எல்லா ஃபால்ஸ் சீலிங்கும் எதையோ மறைக்கத்தான் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய கட்டடத்தில் ஒரு அறைகூட விடாமல் எல்லா அறையிலும் போட்டிருந்தால் திறந்து பார்க்காமல் வாங்கக்கூடாது.

மாநகராட்சியில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அரைநாள் அழைத்துப் போங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் இரண்டடிக்கு இரண்டடி வீதம் நான்கு இடத்தில் திறக்கச் சொல்லுங்கள்: மேல் வீட்டுக் குளியலறைக்கு நேர்கீழே, மேல் வீட்டுச் சமையலறைக்கு நேர்கீழே, வெளிச்சுவரை ஒட்டி, பால்கனி ஹாலோடு சேர்கிற இடத்தில். திறந்ததை மூடுகிற செலவு உங்களுடையது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கும் மறுத்தால் அந்த மறுப்பே பதில். பொறியாளர் சின்னச் சுத்தியலால் தட்டுவார். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி வந்தால் கான்கிரீட் கம்பியை விட்டு விலகியிருக்கிறது. உடைந்த இடத்தில் ஃபீனால்ஃப்தலீன் என்ற கரைசலைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும், காரம் போனது நிறம் மாறாது. இன்னும் ஆழமாகப் பார்க்க கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கிற ஹாஃப் செல் சோதனை உண்டு. அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டிப் போனால் துரு வேலை செய்துகொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

அடுத்தது தரை. 20 மில்லிமீட்டர் மார்பிள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ. அதன் கீழே 50 மில்லிமீட்டர் சிமென்ட் படுகை சுமார் 100 கிலோ. இரண்டும் சேர்த்து 150 கிலோவுக்கு மேல். குடியிருப்பு அறைகளில் ஆட்கள், சாமான் எல்லாவற்றுக்குமாக இன்றைய இந்தியத் தர நிர்ணயம் ஒதுக்குகிற சுமையே சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் போட்டிருந்தால் கவலை இல்லை. பழசின் எடை போய்ப் புதுசின் எடை வந்திருக்கிறது. பழைய தரைக்கு மேலேயே போட்டிருந்தால் 960 சதுர அடிக்கு ஏறத்தாழ 13 டன் கூடுதல் பாரம் அந்த ஸ்லாபின் மேல் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. லிஃப்ட் வாசல் தரையிலிருந்து வீட்டுக்குள் கால் வைக்கும்போது இரண்டரை, மூன்று அங்குலம் ஏறுகிறதா? ஜன்னல் அடிவிளிம்பு கீழ் வீட்டில் இருப்பதைவிடத் தாழ்ந்து தெரிகிறதா? கதவுகளின் அடியை வெட்டியிருக்கிறார்களா? வயதானவருக்கு அந்த ஏற்றமும் தடுக்கும் என்பது வேறு விஷயம்.

திறந்த சமையலறை என்றால் ஒரு சுவர் போயிருக்கிறது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருந்தால் பரவாயில்லை. ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால், அல்லது மேலே பீம் இல்லாத இடமாக இருந்தால், பொறியாளரின் கையெழுத்திட்ட கணக்குத் தாள் வேண்டும். குளியலறையை இடம் மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பழைய ஸ்லாபில் குழாய் போகப் பள்ளம் கிடையாது. இடம் மாற்றினால் தரையை ஆறு, எட்டு அங்குலம் உயர்த்தித்தான் நஹானி ட்ராப்பை (தரை வடிகால் பொறியை) நுழைக்க முடியும். குளியலறைக்குப் படியேறிப் போக வேண்டியிருந்தால் இதுதான் காரணம். வடிகாலை அடைத்துத் தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுவிட்டு, கீழ் வீட்டுக்காரர் சீலிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழ் வீட்டுக்காரரிடம் பேசுவதே பாதிச் சோதனை; ஒழுகுகிற வீட்டைப் பற்றி அவரைவிட நேர்மையாகச் சொல்லப் போகிறவர் யாரும் இல்லை.

கட்டடம் முழுவதற்குமான ஆடிட் அறிக்கையைச் சொசைட்டியிடம் கேளுங்கள். 30 வருடம் தாண்டிய கட்டடத்துக்கு மாநகராட்சிச் சட்டப்படி கட்டமைப்புச் சான்று கட்டாயம். அதில் சி1 என்றால் இடிக்க வேண்டியது. சி2ஏ என்றால் காலி செய்துவிட்டுப் பெரிய ரிப்பேர். சி2பி என்றால் குடியிருந்தபடியே ரிப்பேர். சி3 என்றால் சில்லறை வேலை. சி2பி வந்தால் பயந்து ஓட வேண்டாம், இந்த வயதுக் கட்டடத்துக்கு அது வாடிக்கை. ஆனால் அந்த ரிப்பேர் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு, விற்பவர் கட்டிவிட்டாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஐந்து ஏசிக்கு மட்டும் ஏழெட்டுக் கிலோவாட் வேண்டும். பெஸ்ட் மின்சார பில்லில் அனுமதித்த லோடு எவ்வளவு என்று பாருங்கள். வீட்டுக்குள் புது வயர், படிக்கட்டு மீட்டர் பெட்டியிலிருந்து மேலே வருகிற வயர் தாத்தா காலத்தது என்ற நிலை இந்தப் பக்கக் கட்டடங்களில் அடிக்கடி உண்டு.

காகிதம்

ஷேர் சர்டிஃபிகேட் நீங்கள் சொசைட்டி உறுப்பினர் என்பதற்குச் சான்று. வீட்டுக்கு உரிமை எப்படி வந்தது என்பதைச் சொல்ல முதல் ஒப்பந்தத்திலிருந்து இன்றுவரை ஒவ்வொரு கைமாற்றத்தின் பதிவுப் பத்திரமும் இன்டெக்ஸ் 2 (பதிவு அலுவலகம் தருகிற பத்திரச் சுருக்கம்) நகலும் வேண்டும். ஒரு வக்கீலை வைத்து 30 வருடத் தேடல் எடுங்கள்.

2022-ல் விற்ற அந்த அம்மாளின் கணவர் பெயரில்தான் வீடு முதலில் இருந்தது என்று பக்கத்து வீட்டார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் நாமினியாகச் சொசைட்டியில் பெயர் மாற்றி விற்றிருக்கலாம். நாமினி வாரிசுகளின் சார்பில் வைத்திருப்பவர் மட்டுமே. கணவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பிள்ளைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்கிறார்களா, அல்லது 2022 பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? இரண்டும் இல்லையென்றால் அமெரிக்காவில் இருக்கிற ஒரு மகள் பத்து வருடம் கழித்து வந்து கேட்டாலும் கேட்கலாம். டோக்கனுக்குப் பிறகு ஒரு ஆங்கில, ஒரு மராத்தி நாளிதழில் 14 நாள் அவகாசத்தோடு பொது அறிவிப்புக் கொடுங்கள்.

நிலம் யாருடையது என்பதையும் பாருங்கள். மாட்டுங்காவின் மனைகளைப் பிரித்தது பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட். 1933-ல் அது மாநகராட்சியோடு சேர்ந்தது. பல மனைகள் குத்தகை நிலங்கள். சொசைட்டி குத்தகைதாரரா, உரிமையாளரா, பழைய கட்டட உரிமையாளரிடமிருந்து கன்வேயன்ஸ் (நில உரிமையை மாற்றித் தருகிற பத்திரம்) வாங்கிவிட்டதா என்பது ப்ராபர்ட்டி கார்டு என்ற நிலப் பதிவேட்டில் தெரியும். சொத்து வரி பில்லில் ரிப்பேர் செஸ் (பழைய கட்டடங்களின் பழுதுக்காக வசூலிக்கிற கூடுதல் வரி) இருந்தால் அதையும் வக்கீலிடம் காட்டுங்கள்.

ரேரா இங்கே உதவாது. ஐந்து வருடக் கட்டமைப்புப் பொறுப்பு கட்டி விற்கிற பில்டருக்கானது. தன் வீட்டைப் புதுப்பித்து மறுவிற்பனை செய்கிற தனிநபருக்கு அது பொருந்தாது. உங்கள் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதி வாங்குகிற வரிகள் மட்டுமே. ஒரு மழைக்காலம் முடியும்வரை விலையில் ஒரு சிறு பங்கை நிறுத்திவைக்கக் கேளுங்கள். முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள். சுவரை எடுத்ததற்கும் பால்கனி மூடியதற்கும் வருகிற நோட்டீஸ் செலவை விற்பவர் ஏற்பார் என்ற உறுதிமொழியாவது கிடைக்கும்.

துபாய்

போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டீர்கள். இந்தக் கடிதத்தில் பண அளவில் மிகப் பெரிய விஷயம் அதுதான்.

விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால் விலையிலிருந்து நீங்கள் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, அதாவது டிடிஎஸ், 1%; 5.75 லட்சம். வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் கதை வேறு. இன்றைய விகிதத்தில் நீண்டகால ஆதாய வரி 12.5%, அதற்கு மேல் சர்சார்ஜும் செஸும். இந்த விலைக்கு ஏறத்தாழ 15% வரும். லாபத்தின் மேல் அல்ல, வருமான வரித்துறையின் குறைப்புச் சான்று இல்லாதவரை முழு விலையின் மேல். சுமார் 86 லட்சம். நீங்கள் 1% மட்டும் பிடித்துவிட்டு மீதியைக் கொடுத்துவிட்டால், பாக்கியைத் துறை கேட்கப் போவது துபாய்க்காரரிடம் அல்ல, உங்களிடம். அவர் குறைந்த டிடிஎஸ்ஸுக்கான சான்றுக்கு விண்ணப்பிக்கட்டும். அவருடைய உண்மையான லாபம் குறைவு என்பதால் அது அவருக்கும் நல்லது. வர வாரங்கள் ஆகும். அதனால்தான் அவசரம் உங்களுக்கு ஆகாது.

பவர் பத்திரம் இந்தியத் தூதரகத்தில் சான்றளித்ததாக, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியதாக இருக்க வேண்டும். விற்க, பதிவு செய்ய என்று இந்த வீட்டின் விவரத்தோடு தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பவர் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதை வீடியோ அழைப்பில் அவரிடமே கேளுங்கள். பணம் அவருடைய என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைக்கிற வங்கிக் கணக்குக்கு) மட்டும். தம்பி கணக்குக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

அறுபது லட்சமும் ஐந்து லட்சமும்

அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக்கூடாது. எந்தக் கொடுக்கல் வாங்கலிலும் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. அபராதம் விழுவது ரொக்கத்தை வாங்குகிறவருக்கு, ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உங்களுக்கு. பேரம் முறிந்தால் கொடுத்ததற்குச் சாட்சியும் இருக்காது. லாபக் கணக்கும் உதவாது: 60 லட்சத்துக்கு 6% முத்திரைத் தீர்வை 3.6 லட்சம் மிச்சம். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 60 லட்சம் குறைவாகத் தெரிவதால் இன்றைய விகிதத்தில் 7.5 லட்சம் கூடுதல் வரி. ஏசி, சோபா, கட்டில் போன்றவற்றை உண்மையான விலையில், பட்டியலோடு, வங்கி வழியாகத் தனி ஒப்பந்தமாக வாங்கலாம். மார்பிளும் ஃபால்ஸ் சீலிங்கும் ஃபர்னிச்சர் ஆகாது.

சொசைட்டி மாற்றக் கட்டணமாக மும்பையில் அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று 2001 அரசுச் சுற்றறிக்கை சொல்கிறது. ‘டொனேஷன்’ என்று பெயர் வைத்தாலும் கட்டாயப்படுத்த முடியாது. ரிப்பேர் நிதியில் எல்லா உறுப்பினருக்கும் விதித்த பாக்கி இருந்தால் அது வேறு. அதை விற்பவர் தீர்க்க வேண்டும். செக்ரெட்டரியோடு சண்டை வேண்டாம், தீர்மான நகலை மட்டும் கேளுங்கள்.

கணவரோடு சேர்ந்து வாங்கினால் தீர்வை 6%, 34.5 லட்சம். உங்கள் பெயரில் மட்டும் வாங்கினால் பெண்களுக்கான சலுகையில் 5%, 28.75 லட்சம். பதிவுக் கட்டணம் இரண்டிலும் 30,000. வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

அம்மாவுக்காக ஒரு அளவு: லிஃப்ட் கதவின் திறப்பு. கம்பிக் கதவு லிஃப்ட்களில் பல 80 சென்டிமீட்டருக்குக் குறைவு. இன்று நடக்கிறார், நாளை சக்கர நாற்காலி என்று வந்தால் நுழையுமா என்று டேப் வைத்துப் பாருங்கள்.

புரோக்கருக்கு இன்று அனுப்ப வேண்டிய செய்தி இவ்வளவே: “ஒரு லட்சம் காசோலையாகத் தருகிறோம். உரிமைத் தேடல், பொறியாளர் அறிக்கை, விற்பவரின் வரிச் சான்று மூன்றும் சரியாக இல்லாவிட்டால் முழுசாகத் திருப்பித் தர வேண்டும் என்று விற்பவர் கையெழுத்திட வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கை எந்த நாளில் திறக்கலாம்?”